விமானம் தாமதமானால்: உதவி கேட்கும் முன் உரிமையைக் கேட்போம்

(வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கும் உம்ரா பயணிகளுக்கும் நமது அறக்கட்டளை தென்காசியில் நடத்திய பயண வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் ஒருவர் இப்னு ஸபீல், அதாவது வழியில் நின்றுபோன பயணி. ஊரில் அவருக்கு வீடு இருக்கலாம், தோப்பும் இருக்கலாம். ஆனால் நிற்கிற இடத்தில் கையில் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் பாலைவன வழியில் நின்ற அந்தப் பயணி, இன்று விமான நிலையத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் விமானம் தாமதம், அடுத்த விமானம் போய்விட்டது, விசா முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது என்று ஊருக்குப் போன் செய்கிறார். வீட்டார் நகையை அடகு வைக்கிறார்கள், அல்லது நமது பைத்துல்மாலுக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், முடிந்தவரை கொடுக்கிறோம். ஆனால் விண்ணப்பம் கொண்டுவருபவரிடம் ஒரு கேள்வி கேட்கிறோம்: “விமானக் கம்பெனி உங்களுக்குத் தர வேண்டியதைக் கேட்டீர்களா?” பெரும்பாலும் வருகிற பதில், “அப்படி ஒன்று இருக்கிறதா?” என்பதுதான். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். நமக்கு வர வேண்டியதைக் கேட்பது பிச்சையல்ல. அதைக் கேட்காமல் விட்டுவிட்டு ஜகாத் நிதியில் கை வைத்தால், நம்மைவிட ஏழையான ஒருவரின் பங்கு குறைகிறது.

முதலில் விமானக் கம்பெனியின் கடமை. நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2010 முதல் இதற்கு விதி வைத்திருக்கிறது. அதைத் திருத்தியும் வருகிறது. இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நேரத்தோடு வந்து காத்திருக்கும் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். அதைவிட நீண்ட பயணங்களுக்கு இந்த வரம்பு 3 மணி, 4 மணி என்று கூடும். 24 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் தங்கும் அறை தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் அறை உண்டு. வளைகுடா விமானங்கள் பல இந்த இரவு நேரத்தில்தான் கிளம்புகின்றன. நினைவில் வையுங்கள்.

விமானத்தையே ரத்து செய்தால் மாற்று விமானம் தர வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எது வேண்டும் என்று சொல்வது நீங்கள்தான். 24 மணி நேரத்துக்கு முன்பாகக்கூடச் சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு. பறக்கும் நேரம் 1 மணி வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய். இந்தத் தொகை அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். புயல், மழை, பாதுகாப்பு அச்சுறுத்தல் போல கம்பெனியின் கையை மீறிய காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. ரத்தான டிக்கெட்டின் பணம் அப்போதும் உங்களுடையதுதான்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானது உங்களுக்கு நினைவிருக்கும். விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிக்கேற்ப ஆள் ஏற்பாடு செய்யாததால் வந்த நெருக்கடி அது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் நின்றன. டிக்கெட் பணத்தை உடனே திருப்பித் தரும்படி அரசு கெடு விதித்தது. நான் சொன்ன இழப்பீட்டோடு, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் மதிப்புள்ள பயண வவுச்சரும் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. அப்போது கையில் ஆதாரம் வைத்திருந்தவருக்கு வேலை எளிது.

இங்கே நம்மவர்கள் தவறவிடும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது பயணி தன் தொடர்பு எண்ணைக் கொடுக்கவில்லை என்றால் இழப்பீடு தரத் தேவையில்லை என்று அதே விதி சொல்கிறது. நாம் டிராவல்ஸ் கடையில் டிக்கெட் எடுக்கிறோம். கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுகிறார். ரத்து என்ற குறுஞ்செய்தி அவருக்குப் போகிறது, அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார், நீங்கள் புளியரை தாண்டி மலை ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். இன்றே கடைக்குப் போய், “என் எண்ணையும் சேருங்கள் பாய்” என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, கிரெடிட் கார்டோடு வரும் பயண இன்சூரன்ஸ். “கார்டிலேயே இன்சூரன்ஸ் இருக்கு மச்சான்” என்று வளைகுடாவில் இருக்கும் தம்பிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது வங்கி கொடுக்கும் காசு அல்ல. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வங்கி எடுத்து வைத்திருக்கும் குழுப் பாலிசி. அதற்கு நிபந்தனைகள் உண்டு. கார்டுக்குக் கார்டு, ஆண்டுக்கு ஆண்டு அவை மாறும். பொதுவாக இருப்பவற்றைச் சொல்கிறேன்.

டிக்கெட் முழுவதையும் அந்தக் கார்டிலேயே வாங்கியிருக்க வேண்டும். நம்மில் பலர் இந்த இடத்திலேயே வெளியே போய்விடுகிறோம். கடைக்காரரிடம் ரொக்கம் கொடுக்கிறோம், அவர் தன் கணக்கில் டிக்கெட் போடுகிறார். அப்போது உங்கள் பையில் எவ்வளவு பெரிய கார்டு இருந்தாலும் பயனில்லை. அடுத்து, சில கார்டுகளில் அண்மைக் காலத்தில் கார்டைப் பயன்படுத்தியிருந்தால்தான் காப்பீடு உயிரோடு இருக்கும். இது பணக்காரர்களின் கார்டுக்கு மட்டும் உள்ள விதி அல்ல. ஜன்தன் கணக்கின் ரூபே அட்டையிலும் விபத்துக் காப்பீடு இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 28-க்குப் பின் தொடங்கிய கணக்குகளுக்கு 2 லட்சம் ரூபாய். விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் ஒரு முறையாவது அட்டையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பீரோவில் பூட்டி வைத்த அட்டை உதவாது.

தாமதம் எத்தனை மணி நேரத்துக்கு மேல் போனால் பணம் வரும் என்பதும் கார்டைப் பொறுத்தது. ஒன்றில் 6 மணி, இன்னொன்றில் 12 மணி இருக்கலாம். பல பாலிசிகள் தொகையை அப்படியே தூக்கிக் கொடுப்பதில்லை. சாப்பாடு, அறை, அவசரத் துணிமணி என்று நீங்கள் செலவழித்ததைப் பில் பார்த்துத் தருகின்றன. சிலவற்றில் கார்டுதாரருக்கு மட்டுமே காப்பீடு, உடன் வரும் மனைவி மக்களுக்கு இல்லை. சிலவற்றில் வெளிநாட்டுப் பயணத்துக்கு மட்டும். போர் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியை மூடியபோது விமானங்கள் வழி திரும்பின. அப்படிப்பட்ட நாளில் இன்சூரன்ஸை நம்பி இருக்க முடியாது.

ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வங்கியின் எண்ணில் கூப்பிட்டு நாலு கேள்வி கேளுங்கள். என் கார்டில் விமானத் தாமதத்துக்கும் இணைப்பு விமானம் தவறுவதற்கும் காப்பீடு இருக்கிறதா? எத்தனை மணி நேரத்துக்கு மேல்? யார் யாருக்கு? எத்தனை நாளுக்குள் க்ளைம் தெரிவிக்க வேண்டும்? பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

கிரெடிட் கார்டு என்றதும் ஆலிம்கள் என்னைப் பார்க்கிறார்கள். சரிதான். குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டாமல், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வட்டி ஏறும். பல கார்டுகளில் அது மாதத்துக்கு 3 சதவீதத்துக்கும் மேல். ஹராமும் நஷ்டமும் ஒன்றாக வருகிற இடம் அது. இன்சூரன்ஸ் பற்றியும் மார்க்கச் சட்ட நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல நான் தகுதியானவன் இல்லை, ஆலிம்களிடம் கேளுங்கள். இந்தக் காப்பீட்டுக்காகவே யாரும் கார்டு வாங்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். ஏற்கெனவே வைத்திருப்பவர் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

காப்பீடு என்ற பெயரில் குழப்பிக்கொள்ளும் இன்னும் இரண்டு உண்டு. இசிஆர் முத்திரை உள்ள பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா 10 லட்சம் ரூபாய்க்கு விபத்து மரணத்தையும் நிரந்தர ஊனத்தையும் பார்க்கிறது, விமானத் தாமதத்தை அல்ல. ரயில் டிக்கெட்டோடு சில பைசாவில் வரும் ஐஆர்சிடிசி காப்பீடும் ரயில் விபத்துக்குத்தான்.

மூன்றாவது, இணைப்பு. திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட் வழியாக ஜித்தா போகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில், ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறும்போது உங்களைக் கொண்டு சேர்ப்பது கம்பெனியின் பொறுப்பு. இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று தனித்தனி டிக்கெட் எடுத்தால், இரண்டாவது கம்பெனியின் கணக்கில் நீங்கள் வராத பயணி. அந்த டிக்கெட் போகும், பல நேரம் அதோடு சேர்ந்த திரும்பும் டிக்கெட்டும் போகும். நமது பைத்துல்மாலுக்கு வந்த விண்ணப்பங்களில் மிகவும் வேதனையானவை இந்த வகைதான். ரீ-என்ட்ரி விசா முடிந்து வேலையே போனவர்களும் உண்டு. மிச்சம் பிடித்தது இரண்டாயிரம், இழந்தது பிழைப்பு.

நம் ஊரில் முதல் இணைப்பு விமானம்கூட இல்லை. ரோடும் ரயிலும்தான். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நமக்கு மகிழ்ச்சி. அதே மழை ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை வழியில் மரத்தையும் மண்ணையும் சாய்த்துவிடும். சீசன் நேரத்தில் ஐந்தருவி பக்கம் போகும் வண்டிகளின் நெரிசல் வேறு. வழியில் தாமதமாகிப் போய் விமானம் தவறினால் விமானக் கம்பெனி பொறுப்பல்ல. சாரல் காலத்தில் மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். விமான நிலையத்தில் உட்கார்ந்து திக்ரு செய்யலாம், மலையில் நின்றால் பதற்றம்தான் மிஞ்சும்.

பொதிகை எக்ஸ்பிரஸில் மாலை ஏறி, காலையில் சென்னையில் இறங்கி விமானம் பிடிப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். 2016 ஜூனில் ஒரு குடும்பம் அஜ்மீர்-ஜம்மு ரயிலில் போனது. காலை 8.10-க்கு ஜம்மு சேர வேண்டிய ரயில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாமதமாக வந்தது. பகல் 12 மணிக்கு ஸ்ரீநகர் விமானம், அது தவறியது. டாக்சி பிடித்துப் போனார்கள். டாக்சிக்கு 15,000 ரூபாய், முன்பதிவுச் செலவுக்கு 10,000 ரூபாய், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தொகை என்று நுகர்வோர் மன்றம் தந்த தீர்ப்பை ரயில்வே உச்ச நீதிமன்றம் வரை எதிர்த்தது. 2021 செப்டம்பரில் நீதிமன்றம் பயணியின் பக்கமே நின்றது. தாமதத்துக்குத் தன் கையை மீறிய காரணம் உண்டென்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒரு சாதாரணக் குடும்பம் ரயில்வேயை எதிர்த்து ஐந்து ஆண்டு நின்று வென்றது.

வெல்வதற்கு எழுத்து வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282-ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொழுகையில் ஓதும் சமுதாயம் நாம், பில் வாங்க மட்டும் கூச்சப்படுகிறோம். தாமதமானால் அங்கேயே கவுண்டரில், எத்தனை மணி நேரம், என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். போர்டிங் பாஸைக் கிழிக்காதீர்கள். அறிவிப்புப் பலகையைப் போனில் படம் எடுங்கள். டீ குடித்த பில்லையும் வையுங்கள். பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார்ப் படிவம் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் பெட்டி சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும்.

கம்பெனி செவி சாய்க்காவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலும், மறுத்தாலும், இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நம் மாநிலத்துக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் இல்லை. அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தங்காத அறைக்குப் பில், சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பில் என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். நமக்கு வர வேண்டியதை ஒரு ரூபாயும் விடாமல் கேட்போம். வராததை ஒரு ரூபாயும் தொட மாட்டோம். இரண்டும் ஒரே அமானிதம்தான்.

படிவம் நிரப்பத் தெரியாதவர்களும், ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டியவர்களும் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். நம் கல்லூரிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். எல்லாம் கேட்டும் கிடைக்காமல், வழியில் கையறு நிலையில் நிற்பவருக்குப் பைத்துல்மால் இருக்கவே இருக்கிறது. அவர்தான் இப்னு ஸபீல், அது அவருடைய பங்கு.

வல்ல ரஹ்மான் நம் எல்லோருடைய சபரையும் இலேசாக்கி, போனவர்களை ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் குடும்பத்தாரிடம் திருப்பிச் சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.