கார் ஸ்டீரியோவை யார் பொருத்துவது?
(பொம்மனஹள்ளி வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கான உரை)



ஓசூர் சாலை நெரிசலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில்க் போர்டைத் தாண்டுவதற்குள் நாலு பாட்டு முடிந்துவிடும். அதனால்தான் பழைய வண்டி வாங்கியவர் பலரும் முதலில் ஸ்டீரியோ மாட்ட நினைக்கிறார்கள்.

யார் மாட்டுவது? நாமேயா, கடைக்காரரா? இதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

காரில் ரேடியோ வைப்பது புதுப் பழக்கம் அல்ல. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்களின் கம்பெனி 1930ஆம் ஆண்டில் கார் ரேடியோ விற்றது. அதற்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே மோட்டார் இருக்கிறது, பாருங்கள். நம் பெங்களூரில் 2001 ஜூலையில் ரேடியோ சிட்டி தொடங்கியது. இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கார் பேட்டரி 12 வோல்ட். தொட்டால் ஷாக் அடிக்காது. அதனால் பலரும் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காதுதான். ஆனால் தீப் பிடிக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஒயர் உரசி வண்டியின் இரும்பில் பட்டால், மின்சாரம் வெள்ளம்போலப் பாயும். மெல்லிய ஒயர் பழுக்கக் காய்ந்துவிடும். அப்போது நம்மைக் காப்பது ஃபியூஸ்தான். அதிக மின்சாரம் பாய்ந்தால் அது உருகித் தொடர்பை அறுத்துவிடும். ஃபியூஸ் இல்லாமல் ஒயர் இழுப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வண்டி பல பேருக்குக் கடனில் வாங்கியது. வண்டி நின்றாலும் மாதத் தவணை நிற்காது.

ஸ்டீரியோ செட்டின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துப் போடாதீர்கள். எழுத்து ஆங்கிலமாக இருக்கலாம். எண்களையும் படத்தையும் நீங்கள் படிக்கலாம். எந்த ஒயர் எதற்கு என்று அதில் இருக்கும். பெரும்பாலான செட்டுகளில் மஞ்சள் ஒயர் பேட்டரிக்கு நேராகப் போகும். சிவப்பு ஒயர், சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்குப் போகும். கறுப்பு ஒயர் வண்டியின் பாடிக்கு. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியில் கொடுத்தால் பாட்டு பாடும். ஆனால் வண்டி நிற்கும்போதும் செட் மின்சாரம் குடிக்கும். காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும்.

இப்போது உங்கள் வண்டியைப் பாருங்கள். டேஷ்போர்டுக்குள் கம்பெனியே கொடுத்த கப்ளர் இருக்கிறதா? கதவுகளில் ஸ்பீக்கர் ஒயர் வந்திருக்கிறதா? இரண்டும் இருந்தால் வேலை சுலபம். உங்கள் வண்டி மாடலுக்கு ஏற்ற இணைப்புக் கப்ளர் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். ஒரு ஒயரையும் வெட்ட வேண்டாம். பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றிவிட்டு, அரை நாளில் நீங்களே பொருத்தலாம்.

முன்பு யாரோ ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் கதை வேறு. அங்கே நிறத்தை நம்ப முடியாது. சிவப்போடு பச்சையைக் கட்டியிருப்பார்கள்! மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கூலி கொடுத்துவிடுவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். அதன் ஒயர்களும் கப்ளர்களும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும். செட்டின் மஞ்சள் ஒயர் வேறு, இந்த மஞ்சள் வேறு. குழம்பினால் ஆபத்து. ஏர்பேக் பக்கம் கை வைக்கவே வேண்டாம். வண்டிக்கு வாரண்டி இருந்தால், ஒயரை வெட்டும் முன் கம்பெனி சர்வீஸில் கேளுங்கள். வண்டி வேறொருவருடையது என்றால் முதலாளியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகிறவர்களும் டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். "ஃபிட்டிங் எஷ்டு?" என்று முதலிலேயே கேட்டுக் கூலியைப் பேசிவிடுங்கள். அங்கே கூட்டம் அதிகம், அவசரமும் அதிகம். பையன் ஒயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றினால் தடுத்துச் சொல்லுங்கள். வெயிலில் டேப்பின் பசை இளகும். டேப் பிரிந்துவிடும். கப்ளர் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரைப் பாடியில் கட்ட விடாதீர்கள். செட் எரிந்துபோகலாம்.

டேஷ்போர்டை மூடும் முன் எல்லா ஸ்பீக்கரும் பாடுகிறதா என்று கேளுங்கள். ஹாரன், இண்டிகேட்டர், ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பிறகு பணம் கொடுங்கள். பில் வாங்கி, அதில் தேதியும் தொகையும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால், அன்றைக்கே அந்தப் பில்லோடு கடைக்குப் போங்கள். மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள்.