மொழியைப் பதிவு செய்வதும் மொழியைக் காப்பதும்

(தாய்மொழி நாளையொட்டித் தில்லியில் நடைபெற்ற வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

அந்தமான் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது செல்லுலார் சிறை. 1935இல் அச்சிறைக்குள்ளேயே ‘கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன்’ அமைப்பைக் கட்டிய புரட்சியாளர்களை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஆனால், அத்தீவுகளின் தொல்குடிகளைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அவர்களுள் பெரிய அந்தமானியர் எனப்படுவோரின் மொழியைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன்.

1857 எழுச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் ஆட்சி, கைதிகளை நாடுகடத்துவதற்காக 1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பை நிறுவியது. தங்கள் நிலம் பறிபோவதை எதிர்த்து 1859இல் பெரிய அந்தமானியர் வில்லேந்திப் போரிட்டுத் தோற்றனர். பின்னர் மேகநோயும், 1877இல் தட்டம்மையும் அவர்களைச் சூறையாடின. ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பத்துக் குழுவினர், 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 19 பேராகச் சுருங்கியிருந்தனர்.

இம்மக்களின் மொழிகளை முதலில் விரிவாகக் குறித்து வைத்தவர்கள் அதே ஆட்சியின் அதிகாரிகளான மேன், போர்ட்மன் ஆகியோர். மேன் தொகுத்த அகராதி நூலகங்களில் இருக்கிறது. அதிலுள்ள மொழியைப் பேசுவோர் இன்று ஒருவரும் இல்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி, எஞ்சியிருந்த பேச்சாளர்களிடம் சென்றார். அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. பிள்ளைகள் இந்திக்கு மாறிவிட்டிருந்தனர். பேச்சாளர்களோடு அமர்ந்து சொல் சொல்லாகச் சேகரித்த உழைப்பு, 2012இல் அகராதியாகவும் 2013இல் இலக்கண நூலாகவும் வெளிவந்தது.

அவர் கண்டறிந்த இலக்கணம் வியப்புக்குரியது. தமிழில் ‘தலை’, ‘குருதி’ என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். அம்மொழியிலோ, யாருடைய தலை, யாருடைய குருதி என்று சேர்த்தே சொல்லவேண்டும். உடல் ஏழு மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு அமைகிறது. பெயர்ச்சொல்லுக்கு மட்டுமன்றி, வினைக்கும் அடைமொழிக்கும் அம்முன்னொட்டுகள் வருகின்றன. மனித உடலையே இலக்கணத்தின் அச்சாகக் கொண்ட மொழி அது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்நுட்பத்தை எந்த மொழியில் பெயர்த்தெழுதுவது என்ற திகைப்பே எஞ்சியது. ‘நாகரிகமற்றோர்’ என்று ஏகாதிபத்தியம் இகழ்ந்த மக்களின் அறிவுச் செல்வம் இது!

ஆயினும், போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரி 26 அன்று காலமானார். தம் மொழியில் உரையாட ஒருவருமின்றியே அவருடைய இறுதி ஆண்டுகள் கழிந்தன. சரே மொழியின் கடைசிப் பேச்சாளர் லிச்சோ 2020இல் மறைந்தார்.

ஆய்வாளர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் சென்றிராவிட்டால் இந்த இலக்கணமும் மண்ணோடு போயிருக்கும். ஆனால், பதிவு செய்தல் வேறு, காத்தல் வேறு. ஒலிநாடாவில் மொழியின் குரல் இருக்கும். அதன் வாழ்க்கை இருக்காது. காடும் கடலும் கைவிட்டுப் போனபின், அவற்றின் சொற்களைப் பிள்ளைகள் எதற்காகக் கற்பார்கள்?

இது பழங்கதையன்று. அத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில், பெரிய நிகோபார் தீவில் ஷோம்பென் மக்கள் வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் 229 பேர். அங்கே துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றுக்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுக்கும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. காட்டை எடுத்துக்கொண்டு, பிறகு ஒலிப்பதிவுக் கருவியோடு ஆய்வாளரை அனுப்புவதா மொழிப் பாதுகாப்பு?

அரசின் கணக்கையும் பாருங்கள். பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளைக் கணக்கெடுப்பு தனித்துப் பட்டியலிடுவதில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தாய்மொழியாகக் குறித்த பீலி எட்டாவது அட்டவணையில் இல்லை. 24,821 பேர் குறித்த சமஸ்கிருதம் இருக்கிறது.

ஆகவே, தோழர்களே, நம் கோரிக்கைகள் தெளிவானவை. பழங்குடி மக்களின் நிலவுரிமை காக்கப்பட வேண்டும். அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு கூறும் தாய்மொழிவழித் தொடக்கக் கல்வி அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். எல்லா மொழிகளும் கணக்கில் வர வேண்டும். ஆய்வின் பயன் பல்கலைக்கழக நூலகத்தோடு நின்றுவிடாமல், அம்மொழிக்குரிய மக்களிடமே திரும்பிச் சேர வேண்டும்.

நிலத்துக்கான போராட்டமும் மொழிக்கான போராட்டமும் வேறு வேறல்ல.