மருந்து பாதி, செருப்பு பாதி

மஸ்கெலியாவில் இந்நேரம் உங்களில் பலர் கொழுந்து எடுக்க மலைக்குக் கிளம்பியிருப்பீர்கள். காலில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

1916ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க வேலை தொடங்கியது. தொழிலாளர்களின் மலத்தைச் சோதித்தார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். ஆட்கள் தேறினார்கள். ஆனால், புழு திரும்பவும் வந்தது.

ஏன்? லயங்களில் போதிய கக்கூஸ் இல்லை. மலம் மண்ணில் கலந்தது. ஈரமண்ணில் புழுக்குஞ்சு பொரித்தது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போனது. குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடித்தது. இரத்தம் குறைந்தால் முகம் வெளிறும். ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும்.

கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைத்தால் ஈரம் போகுமா? மருந்து மட்டும் கொடுத்ததும் அப்படித்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நம் தோட்டங்கள் காட்டிய பாடம் இது. மருந்து மட்டும் போதாது. நோய் வராமல் தடுக்க வேண்டும். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வீடு தேடிப் போய் நோயைத் தடுக்கும் வேலை அங்கிருந்து நாடெங்கும் பரவியது.

ஆகவே, மருந்து மட்டும் போதாது. பிள்ளைகளை வெறுங்காலோடு மண்ணில் விடாதீர்கள். லயத்தில் கக்கூஸ் பழுதா? பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நல்ல கக்கூஸ் கேட்பது உங்கள் உரிமை.