கட்சிரோலிச் சிசுக்கள்



பிறந்து 28 நாள் நிரம்பாத சிசுவின் உடலில் நச்சுக்கிருமி புகுந்தால், அது பெரியவர்களைப் போல் நோயைக் காட்டுவதில்லை. காய்ச்சல்கூட எப்போதும் வருவதில்லை; சில வேளை உடல் குளிர்ந்துபோகும். நேற்று வீரிட்டழுத குழந்தை இன்று முனகும். பால் உறிஞ்ச மறுக்கும். நகரத்துத் தாயாயின் அன்றிரவே மருத்துவமனைக்கு ஓடுவாள். அங்கே குருதிப் பரிசோதனையும் நரம்புவழி மருந்தும் உண்டு. காட்டோரக் குடிசையில் பிள்ளை பெற்றவள் என்ன செய்வாள்?

மகாராட்டிர மாநிலத்தின் கீழ்க்கோடியில் உள்ள காட்டு மாவட்டம் கட்சிரோலி. அங்கே மருத்துவத் தம்பதியரான அபய் பங்கும் ராணி பங்கும் 'சர்ச்' என்னும் தொண்டு நிறுவனத்தை அமைத்துப் பணியாற்றினர். மகப்பேறுகளில் மிகப் பெரும்பாலானவை வீட்டிலேயே நிகழ்ந்தன. 'மருத்துவமனைக்குப் போங்கள்' என்ற அறிவுரை பெரும்பாலும் வீணாயிற்று. தொலைவும் செலவும் மட்டுமா தடை? பச்சிளங் குழந்தையை வெளியே கொண்டுசெல்லலாகாது என்ற வழக்கமும் குறுக்கே நின்றது.

எனவே மருத்துவமே வீட்டுக்குச் சென்றது. 39 சிற்றூர்களில், 5 முதல் 10 ஆண்டுகளே பள்ளி சென்ற உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்றனர். வீடு வீடாகச் சென்று எடை பார்த்தனர், வெப்பம் அளந்தனர், மூச்சை எண்ணினர். அழுகை நலிதல், பால் குடி குறைதல், மயக்க நிலை, வயிறு உப்புதல், தொப்புளில் சீழ், மார்பு உள்ளிழுத்தல், உடல் வெப்ப மாறுபாடு ஆகியவற்றுள் ஏதேனும் இரண்டு ஒருசேரத் தோன்றினால் நோயென முடிவு செய்தனர். முதலில் மருத்துவமனைக்கே செல்லச் சொல்வார்கள். பெற்றோர் மறுத்தால், அவர்தம் ஒப்புதல் பெற்று, தசையில் ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழியே கோட்ரைமாக்சசோலும் அளிப்பார்கள்.

பட்டம் பெறாத பெண்ணின் கையில் ஊசியா என்ற ஐயம் எழுந்தது. அது நியாயமான ஐயமே. ஆயினும், ஊசி போடாதிருந்தால் அக்குழந்தைகளுக்கு வேறு மருத்துவம் ஏதும் இல்லை என்பதையும் உடன் எண்ண வேண்டும். இந்நோய் கண்ட குழந்தைகளுள் இறந்தோர் முன்பு நூற்றுக்கு 16.6, சிகிச்சை தொடங்கிய பின் 2.8. ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங் குழந்தை இறப்பு மூன்றாம் ஆண்டில் 25.5 ஆயிற்று. 'லான்செட்' மருத்துவ இதழ் 1999இல் இதனை வெளியிட்டது. முழுப் புகழும் ஊசிக்குரியதன்று. கதகதப்பாகச் சுற்றி வைத்ததும் தாய்ப்பாலுக்கு உதவியதும் அதில் அடங்கும்.

பின்னர் காங்கோ, கென்யா, நைஜீரியா, வங்கதேசம், பாகிஸ்தான் நாடுகளில் எளிய மருந்துமுறைகள் ஆராயப்பெற்றன. 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம், மருத்துவமனைக்குச் செல்ல இயலாத இடங்களில் நாளொன்றுக்கு ஒரு ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி அமாக்சிசிலினும் தரலாம் என வழிகாட்டியது. இது வலிப்புக் கண்ட குழந்தைக்கும், அறவே பால் குடியாத குழந்தைக்கும், அசைவற்ற குழந்தைக்கும் போதாது. அவர்களை எப்பாடுபட்டேனும் மருத்துவமனை சேர்த்தாக வேண்டும்.

இல்லத்துப் பாட்டிமார்கள் ஒன்றை அறிந்திருப்பது நலம். குழந்தை அமைதியாக இருக்கையில், கடிகாரத்தை நோக்கி ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ண வேண்டும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுமுறையும் எண்ண வேண்டும். அப்போதும் குறையாவிடில், விடியும்வரை காத்திருக்கலாகாது.