உடைக்காமல் அறியும் கல்வி



பொள்ளாச்சித் தேங்காய்க் களங்களில் உழைத்த நம் பெரியோர், காயை உடைக்காமலே தட்டிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்லிவிடுவர். கணிப்பொறி இயலிலும் அத்தகைய துறை ஒன்று உண்டு. நிரலை இயக்காமலே, அதன் வரிகளை ஆராய்ந்து பிழை காண்பது அது.

பிழை சிறிதாயினும் கேடு பெரிது. 2014-இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' குறைக்குக் காரணம், கேட்ட அளவு சரிதானா என்று பார்க்காமல் விட்ட ஒரே சோதனை. அதனால் கணிப்பொறியின் நினைவகத்திலிருந்து ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை அயலார் கவர முடிந்தது. அன்றிருந்த ஆய்வுக் கருவிகள் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே செய்யவேண்டிய பணி இன்னும் மிகுதி.

சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற ஸ்ரீராம் ராஜாமணி, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில் தாமஸ் பால் என்பாருடன் 'ஸ்லாம்' என்னும் ஆய்வுக் கருவியை உருவாக்கினார். விண்டோஸ் கணிப்பொறியின் டிரைவர் நிரல்களில் பிழை காண அது பயன்பட்டது. 2011-இல் இருவரும் இத்துறையின் சி.ஏ.வி. விருதினைப் பெற்றனர்.

நம் பிள்ளைகளும் பொறியியல் படிக்கின்றனர். ஆயினும் முதல் வேலை கிடைத்ததும் படிப்பை நிறுத்திவிடுகின்றனர். வீட்டின் நிலை அத்தகையது. அவர்களைக் குறை கூறோம். ஆனால், கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேர்வோர்க்கு மாத உதவித்தொகை உண்டு, ஐ.ஐ.டி.களில் நமக்கு 15 விழுக்காடு இடமும் உண்டு. அத்தேர்வுக்குப் பயிற்சி அளிப்பதை நம் சங்கம் அடுத்த கடமையாக ஏற்கவேண்டும்.

நிறுவப்பட்ட முடிவை எவரும் வரி வரியாகச் சரிபார்க்கலாம். எழுதியவர் எந்தத் தெரு என்று அது கேட்பதில்லை. கேட்கும் மனிதர் இருக்கக்கூடும். ஆகவேதான் ஒருவர் அல்லர், பலர் செல்லவேண்டும் என்கிறோம்.