கடையில் உட்கார்ந்தவருக்கே கடை சொந்தமா?
(நமது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)

போன கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "அப்பா போய் பதினைந்து வருஷம் ஆச்சு. மார்க்கெட் கடையை அண்ணன்தான் நடத்துறார். வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் அவர் பேர்ல. எங்களுக்குப் பங்கு உண்டா, சார்?"

முதலில் கடை யாருடையது என்று பாருங்கள். வேலூர் நேதாஜி மார்க்கெட் மாநகராட்சியுடையது. அங்கே கடை வைத்தவருக்கு வாடகை உரிமைதான். வாடகைப் பதிவேட்டில் யார் பெயர், வாரிசுக்குப் பெயர் மாற்றித் தருவார்களா என்று மாநகராட்சியில்தான் விசாரிக்க வேண்டும்.

அப்பா கிரயம் வாங்கிய கடை என்றால் கதையே வேறு. வரி ரசீது, பெயர் மாற்றம், ஜி.எஸ்.டி. பதிவு எதுவும் உரிமைப் பத்திரம் ஆகாது. இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. முஸ்லிம் குடும்பத்தில் மகளுக்கு மகன் பங்கில் பாதி.

"பன்னிரண்டு வருஷம் ஆண்டாச்சு, இனி என்னுது" என்பார்கள். கூட்டு வாரிசுகளுக்குள் அது அவ்வளவு சுலபம் இல்லை. ஒரு வாரிசு அனுபவித்தால் மற்றவர்களுக்காகவும் அனுபவிப்பதாகவே அர்த்தம் என்று 1956-லேயே லட்சுமி ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் "உனக்குப் பங்கில்லை" என்று அண்ணன் வெளிப்படையாக மறுத்துவிட்டால் அன்று முதல் காலக்கெடு ஓட ஆரம்பிக்கும். அப்படி ஒரு கடிதமோ நோட்டீஸோ வந்தால் பேசாமல் இருக்காதீர்கள், வக்கீலைப் பாருங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இன்னொன்று வரும், ஹிபா. "அத்தா எனக்குத் தானமாகக் கொடுத்துட்டார்" என்பார் தம்பி. முஸ்லிம் சட்டப்படி ஹிபாவுக்குப் பதிவு கட்டாயமில்லை. 2011-ல் ஹஃபீஸா பீவி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் கொடுத்தேன் என்று சொன்னது, வாங்கிக்கொண்டது, கையில் ஒப்படைத்தது மூன்றையும் நிரூபிக்க வேண்டும். இங்கேதான் கடையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு மதிப்பு. இந்துக்களுக்கு அசையாச் சொத்துத் தானம் பதிவு செய்யாமல் செல்லாது.

பேங்க்கில் நான் அடிக்கடி கேட்டது, "நாமினி நான்தானே சார்?" என்பது. நாமினி பணத்தை வாங்கலாம். வாரிசுகளின் பங்கு அதனால் போகாது.

அந்த அம்மா முதலில் சார்பதிவாளர் அலுவலகத்திலோ பதிவுத்துறை இணையதளத்திலோ வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கட்டும். அசல் பத்திரம் பீரோவில் இல்லையென்றால் கடனுக்காக ஏதாவது பேங்க்கில் இருக்கலாம். அந்த அடமானம் பதிவாகியிருந்தால் சான்றிலேயே தெரியும்.