நானூறு வெள்ளிப் பார்சலும் நாணயமான பில்லும்!

(வியாபாரிகள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் முன்னோர் கப்பலில் மூட்டை ஏற்றிச் சிங்கப்பூருக்குச் சரக்குக் கொண்டு போனார்கள். இன்று நீங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, செல்போனில் ஆர்டர் எடுத்து, அதே சிங்கப்பூருக்கு ஒரு சேலையை, ஒரு புர்காவை, நாலு கைலியைப் பார்சலில் அனுப்புகிறீர்கள். வாகனம் மாறிவிட்டது. வியாபாரத்தின் நாணயம் மாறலாமா?

இந்தச் சிறு பார்சலுக்கு வரி உண்டா? யார் கட்டுவது? பலருக்கும் இது விளங்கவில்லை. விளங்காத இடத்தில்தான் புரளி புகுந்து கொள்கிறது.

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 1994ல் 3 சதவிகிதமாகத் தொடங்கியது. 2024 முதல் அது 9 சதவிகிதம். ஆனால் விமானத்திலோ தபாலிலோ வரும் 400 வெள்ளி வரையிலான பார்சலுக்கு இறக்குமதியின்போது வரி இல்லை என்று ஒரு சலுகை இருக்கிறது. ஏன்? ஒவ்வொரு பொட்டலத்தையும் நிறுத்தி வசூலிக்கும் செலவு, வரும் வரியையே தின்றுவிடும்!

நல்ல சலுகைதானே என்பீர்கள். சிராங்கூன் சாலையில் கடை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்! கடை வாடகை, ஆள் சம்பளம், அதற்கு மேல் 2022 வரை 7 சதவிகித வரி. 400 வெள்ளிச் சரக்குக்கு வரி மட்டும் 28 வெள்ளி. அதே சரக்கை வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைத்தால் அந்த 28 வெள்ளி கிடையாது. கடை திறந்து உட்கார்ந்தவனுக்கு வரி, கண்ணில் படாதவனுக்கு விலக்கு. இது என்ன நியாயம்?

பிரிட்டனிலும் இதுதான் நடந்தது. சிறு பார்சலுக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை என்ற சலுகையைப் பிடித்துக் கொண்டு, ஜெர்ஸி, குவெர்ன்ஸி என்ற பக்கத்துத் தீவுகளில் கம்பெனிகள் கிடங்கு வைத்தன. அங்கிருந்து பிரிட்டன் மக்களுக்கே சிடி, டிவிடி அனுப்பின. சிறு பொட்டலத்துக்காகத் திறந்த ஜன்னல் வழியே பெரிய கிடங்கே போய்விட்டது! 2012 ஏப்ரல் 1ல் அந்தத் தீவுகளுக்கான சலுகை நிறுத்தப்பட்டது.

இதற்கு அரசுகள் கண்ட வழி, எல்லையில் பார்சலைப் பிடிப்பதை விட்டுவிட்டு, விற்பவரிடமே வரியை வாங்குவது. ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலும், மலேசியா 2024 ஜனவரியிலும் இந்த வழிக்கு வந்தன. சிங்கப்பூர் 2023 ஜனவரி 1 முதல் இதைச் செய்கிறது.

உங்களுக்கு வேண்டிய விஷயங்களைச் சொல்கிறேன். குறித்துக் கொள்ளுங்கள்.

ஒன்று: வெளிநாட்டு வியாபாரி எல்லோரும் அங்கே பதிவு செய்ய வேண்டியதில்லை. உலகம் முழுவதுமான ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்ட வேண்டும். அதோடு சிங்கப்பூரில் பதிவில்லாத வாடிக்கையாளர்களுக்கு விற்றது 1 லட்சம் வெள்ளியைத் தாண்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பதிவு.

இரண்டு: பதிவு இல்லாதவர் 'வரி' என்று பில்லில் போட்டு ஒரு காசு கூட வாங்கக் கூடாது. அது அரசுக்கும் போகாது, உங்களுக்கும் சொந்தமாகாது.

மூன்று: பெரிய இணையச் சந்தை வழியாக விற்றால், பதிவு பெற்ற அந்தச் சந்தையே வாங்குபவரிடம் வரியை வசூலித்துக் கட்டிவிடும். நீங்கள் விலையில் இன்னொரு முறை ஏற்றாதீர்கள்.

நான்கு: விற்கும்போது 400 வெள்ளி என்ற கணக்கு ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி. ஆனால் சுங்கத்தில் பார்ப்பது பார்சலின் மொத்த மதிப்பு. 200 வெள்ளிச் சேலை மூன்றை ஒரே பார்சலில் கட்டினால் எல்லையில் வரி கேட்பார்கள். விற்கும்போதே வரி கட்டியாகிவிட்டது என்றால், பதிவு எண்ணும் அந்த விவரமும் பில்லில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் இரண்டு முறை கட்ட நேரும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பதிவு வரம்புக்குள் வராத சிறு வியாபாரியின் 400 வெள்ளிக்கு உட்பட்ட பார்சல் இன்றும் வரியில்லாமல் போகிறது. அது சட்டம் தந்த இடம். வெட்கப்பட வேண்டியதில்லை. சோதனை வருவது 550 வெள்ளிப் பட்டுச் சேலை ஆர்டர் வரும்போதுதான். "பில்லில் 390 என்று போடுங்கள் பாய், எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்!" என்பார் வாடிக்கையாளர்.

சகோதரர்களே, நில்லுங்கள்! இதில் மிச்சமாவது யாருக்கு? அவருக்கு. பொய்க் கையெழுத்து யாருடையது? உங்களுடையது. வங்கியில் 550 வந்திருக்கும், ஏற்றுமதிப் பில்லில் 390 இருக்கும். நாளை அதிகாரி கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? பார்சல் தொலைந்தால் எழுதிய 390க்கு மேல் நஷ்டஈடு கேட்க முடியுமா? எடைக்கல்லில் குறை வைப்பதும் பில்லில் குறை எழுதுவதும் வேறு வேறா? வாடிக்கையாளர் தந்த வரிப்பணம் உங்கள் கையில் இருக்கும் அமானிதம். கட்ட வேண்டிய வரியை மறைப்பது, ஒழுங்காகக் கட்டி விற்கும் அந்த ஊர்ச் சகோதரனின் கல்லாவில் கை வைப்பது!

"விலை இதுதான், வரி இவ்வளவு வரும்" என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒருவர் போனால் போகட்டும். கதவு தட்டி வரி கேட்டபின் கோபப்படும் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். முன்பே உண்மை சொன்ன வியாபாரியைத் தேடி வருவார்.

படித்த இளைஞர்களே! உங்கள் ஊரில் பார்சல் அனுப்பும் தாய்மார்கள் இருக்கிறார்கள், தையல் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை அவர்களோடு உட்காருங்கள். பில் எழுதக் கற்றுக் கொடுங்கள். கணக்குப் புத்தகம் போட்டுக் கொடுங்கள். தெரியாமல் தவறுபவரைத் தடுப்பது தெரிந்தவர் மீதுள்ள கடமை.

சரக்குக்கு முன்பே ஊர் போய்ச் சேர்வது வியாபாரியின் பெயர். அதைக் கெடுத்துக் கொள்ளாதீர்கள்!